இக்கருகாவின் இரண்டாவது ஸ்டேஜில் நிற்பவருக்கு

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பறக்கும் கப்பல் ஒன்றை ஓட்டி, மேலிருந்து வரும் எதிரிகளைச் சுடும் ஜப்பானிய வீடியோ கேமான இக்கருகாவைச் சலுகை விலையில் வாங்கினீர்கள். ஐந்தே ஸ்டேஜ், கன்டினியூ (செத்த பிறகும் ஆட்டத்தைத் தொடர்வது) போட்டுக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கன்டினியூ போடாமல் விளையாடினால் இரண்டாவது ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லை. ‘கருப்பு, வெள்ளை என்று இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு என்ன பெரிய வித்தை? இருபது வருஷமாக இதை ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் விளையாட்டைப் பற்றிய கேள்வி. ஆனால் கடைசி வரியில் ‘எனக்குத்தான் கை வரவில்லையோ’ என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. முடிவு வரை பார்த்துவிட வேண்டும் என்று விளையாடுகிறவருக்கு இக்கருகா பெரிதாக ஒன்றும் கொடுக்காது. மனப்பாடம் பண்ணுகிறவருக்குத்தான் அது பிடிகொடுக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொபைல் விளையாட்டுகளுக்கு லெவல் வடிவமைப்பது பதினோரு வருஷமாக என் பிழைப்பு. அதற்கு முன்னால் நாலு வருஷம் டோக்கியோவில் மென்பொருள் வேலை. குடியிருந்தது நிஷி கசாயில். சனிக்கிழமை ராத்திரிகள் கழிந்தது தகாதானோபாபாவில் இருக்கும் மிக்காடோ கேம் சென்டரில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடத்தில். பழைய ஷூட்டர்களை, அதாவது இப்படிச் சுடும் விளையாட்டுகளை, தேடிப் போகிறவர்களுக்கு அது கோயில் மாதிரி. ஆனால் நான் கெட்டிக்கார ஆட்டக்காரன் இல்லை. ஒரே காசில் என்னால் நாலாவது ஸ்டேஜ் வரைதான் போக முடிந்திருக்கிறது. எனவே இந்த விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உச்சத்தில் விளையாடும்போது அது எப்படி இருக்கும் என்பது மட்டும் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இதைச் செய்தது டிரெஷர் நிறுவனம். கொனாமியிலிருந்து வெளியே வந்தவர்கள் 1992ல் தொடங்கியது. இயக்கமும் இசையும் ஹிரோஷி இவுச்சி. 1998ல் இதே டிரெஷர் ‘ரேடியன்ட் சில்வர்கன்’ என்று ஒரு ஷூட்டர் போட்டது. அதில் மூன்று பட்டன்களை மாற்றி மாற்றியும் சேர்த்தும் அழுத்தினால் ஏழு விதமான ஆயுதம் வரும். இக்கருகா அதன் வாரிசு, ஆனால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்த வாரிசு. ஒரே துப்பாக்கி. பொறுக்கி எடுத்துப் பலம் கூட்டிக்கொள்ளும் பொருள்கள் கிடையாது. ஆபத்தில் வெடிக்கவிட்டுத் தப்பிக்கும் பாம் கிடையாது. 2001 டிசம்பரில் சேகா நிறுவனத்தின் நவோமி என்ற ஆர்கேட் போர்டில் கேம் சென்டர்களுக்கு வந்தது. 2002 செப்டம்பரில் ஜப்பானில் சேகாவின் வீட்டு விளையாட்டு இயந்திரமான டிரீம்காஸ்டுக்கு வந்தது. அதற்குள் அந்த இயந்திரத்தின் உற்பத்தியையே சேகா நிறுத்திவிட்டிருந்தது. அணையப் போகிற விளக்கில் ஊற்றிய கடைசி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தே ஸ்டேஜ்தானா என்ற உங்கள் வருத்தத்துக்குப் பதில் கேம் சென்டரின் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு 100 யென். புதிதாக வருகிறவர் மூன்று நிமிஷத்தில் எழுந்துவிட்டால்தான் இயந்திரத்துக்குக் கட்டுப்படியாகும். ஆனால் எழுந்தவர் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நினைத்தால் அடுத்த காசு விழாது. ‘சே, என் தப்பு, இன்னொரு தடவை’ என்று நினைக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவரும் ஒரே காசில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கக் கூடாது, இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு எழ வேண்டும். இந்த மூன்று நெருக்கடிக்கு நடுவில் பிறந்த வடிவம் இது. ஒரு ஸ்டேஜை ஒருமுறை பார்ப்பதற்காக யாரும் செய்யவில்லை. நானூறு முறை ஆடுவதற்காகச் செய்தார்கள். வீட்டில் கன்டினியூவை அழுத்திக்கொண்டே போவது, வர்ணத்தின் சாகித்தியத்தைப் புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்பது போல. படித்தது வர்ணம்தான், ஆனால் பாடவில்லையே.

சரி, கருப்பு வெள்ளைக்கு வருவோம். விதி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அதன் உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் கப்பல் வெள்ளையாக இருந்தால் வெள்ளைத் தோட்டா உங்களைக் கொல்லாது. கப்பல் அதை விழுங்கிவிடும். கருப்புத் தோட்டா ஒன்று பட்டாலும் போச்சு. பட்டனைத் தட்டினால் கப்பல் புரண்டு கருப்பாகும், விதி தலைகீழாகும். அடிக்கும்போது எதிர் நிறத்தில் அடித்தால் எதிரிக்கு இரண்டு மடங்கு சேதம். விழுங்குகிற ஒவ்வொரு தோட்டாவும் ஒரு சேமிப்பு: பத்துக்கு ஒரு லேசர். 120 விழுங்கினால் அளவுகோல் நிரம்பிவிடும். இன்னொரு பட்டனை அழுத்தினால் பன்னிரண்டு லேசர்கள் தாமே எதிரியைத் தேடிப் போய் அடிக்கும்.

என் தொழிலில் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். ஒரு பட்டனைக் காட்டி, இதற்கு எத்தனை வேலை என்று கேட்பேன். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இக்கருகாவில் நிறம் மாற்றும் அந்த ஒரு பட்டன் உங்கள் கேடயம், அதே நேரம் உங்கள் அடியின் வலிமை, உங்கள் சேமிப்புக் கணக்கு, நான் அடுத்து சொல்லப் போகிற ஸ்கோரின் அடிப்படை. நாலையும் ஒரே தட்டில் தீர்மானிக்க வேண்டும். தற்காப்புக்கு வெள்ளை வேண்டும், ஆனால் சீக்கிரம் கொல்லக் கருப்பு வேண்டும் என்கிற இடங்களாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பட்டனை நானும் ஒன்றிரண்டு விளையாட்டில் முயன்று பார்த்தேன்; ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனாகப் பிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இதில் இன்னொரு கொக்கி உண்டு, புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நார்மல் என்ற நடுத்தரக் கடினத்தில் ஓர் எதிரியை அதன் நிறத்திலேயே கொன்றால், சாகும்போது அது உங்களை நோக்கித் தோட்டாக்களைச் சிதறிவிட்டுப் போகும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதை ‘உச்சிகாயேஷி’ என்பார்கள், திருப்பிச் சுடுவது. அது உங்கள் நிறத் தோட்டாதான், எனவே சாப்பாடு. ஆனால் கொல்ல நேரம் கூடுதலாகும். எதிர் நிறத்தில் அடித்தால் பாதி நேரத்தில் சாகும், சிதறல் வராது, சாப்பாடும் கிடையாது. ஒவ்வொரு எதிரியின் முன்னாலும் ‘வேகமா, சேமிப்பா?’ என்ற கேள்வி நிற்கிறது. ஈஸியில் இந்தச் சிதறலே வராது. அதனால்தான் ஈஸியில் பழகிவிட்டு நார்மலுக்குப் போகிறேன் என்பவர்களை நான் தடுப்பேன். ஈஸி என்பது உப்பில்லாத சாம்பார் மாதிரி, அதை வைத்து ருசியைப் பழக முடியாது.

ஸ்கோருக்கு வருகிறேன். என் கணக்கில் இந்த விளையாட்டின் உயிரே அங்கேதான். ஒரே நிறத்தில் மூன்று எதிரிகளை அடுத்தடுத்துக் கொன்றால் ஒரு செயின். அடுத்த மூன்றும் தங்களுக்குள் ஒரே நிறமாக இருந்தால் செயின் நீளும். முந்தைய மூன்றின் நிறமாக இருக்க வேண்டியதில்லை. முதல் செயினுக்கு 100, அடுத்ததற்கு 200, அப்புறம் 400, 800 என்று இரட்டிப்பாகி, ஒன்பதாவதில் 25,600. அதற்குப் பிறகு ஒவ்வொரு மூன்றுக்கும் அதே 25,600. நடுவில் ஒன்றே ஒன்று நிறம் மாறிச் செத்துவிட்டால் மறுபடி 100லிருந்து தொடங்க வேண்டும். இதன் விளைவு என்னவென்றால், எதைச் சுடுவது என்பதைவிட எதைச் சுடாமல் விடுவது என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. பல்லாங்குழியில் கை தேர்ந்த பாட்டிகள் காய் எடுக்கும் முன்பே கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார்களே, அந்தப் பார்வை வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது மிக்காடோவில் ஒரு ராத்திரி. அலுவலகத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, கோட்டும் டையுமாக ஒருவர். பையைக் காலிரண்டுக்கும் நடுவில் தரையில் வைத்து அணைத்துக்கொண்டு, ஒரு காசு போட்டார். முதல் ஸ்டேஜ். எதிரிகள் வர ஆரம்பித்ததும் இரண்டைச் சுட்டார், அப்புறம் விரலை எடுத்துவிட்டார். திரையில் எதிரிகள் அவர் கப்பலுக்கு அடுத்தாற்போல் இறங்கிப் போகிறார்கள், மனிதர் சும்மா இருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, கவனம் சிதறிவிட்டது போல என்று நினைத்தேன். திரையின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. அது முழுசாகத் திரைக்குள் வருவதற்கு முன்பே அவர் கப்பல் அதற்கு நேர் கீழே நின்றது. ஒரே ஒரு தட்டு. மூன்றாவது. உடனே கப்பல் புரண்டு கருப்பாகி வலது பக்கம் போய்விட்டது. அந்த நாலைந்து நொடியில் அவர் செய்ததில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். நாலு மாதம் நான் அதே இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சும்மா இருத்தலை அதன் எல்லைக்கே கொண்டு போகலாம் என்பது இன்னும் வேடிக்கை. ஒரு தோட்டாவும் சுடாமல், லேசரும் விடாமல், விழுங்கிக்கொண்டு மட்டுமே ஸ்டேஜை முடிக்கலாம். ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரிகளான பாஸ்களுக்கு நேரக் கெடு இருக்கிறது. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். இப்படி முடித்தால் ‘டாட் ஈட்டர்’ என்று விளையாட்டே பட்டம் கொடுக்கிறது. சுடும் விளையாட்டில் சுடாமல் ஜெயிப்பதற்கு ஒரு பட்டம்! இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒரே ஆள், இரண்டு கைக்கு இரண்டு கப்பலாக ஓட்டுகிற வீடியோக்களும் இணையத்தில் இருக்கின்றன. பாருங்கள், ஆனால் அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், நான் உடைந்தேன்.

இப்போது உங்கள் இரண்டாவது ஸ்டேஜ். அங்கே பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டு வருகின்றன, கருப்பும் வெள்ளையும் கலந்து. நீங்கள் சாவது எப்படி என்று நேரில் பார்க்காமலே ஊகிக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் செத்தேன். முதலாவது, பெட்டிகளில் மோதி. தோட்டாவை விழுங்கிப் பழகிய கைக்கு, ‘என் நிறம் என்றால் பயமில்லை’ என்ற நினைப்பு ஊறிவிடுகிறது. ஆனால் எதிரி விடும் தோட்டாவையும் லேசரையும்தான் விழுங்க முடியும். எதிரியின் மேலோ சுவரின் மேலோ மோதினால் நிறம் உதவாது. லேசரைத் தாங்கும்போது கப்பல் பின்னுக்குத் தள்ளப்படும் என்பதையும் மறந்துவிடுவோம். அந்தத் தள்ளலிலேயே எதிலாவது போய் முட்டியிருக்கிறேன். இரண்டாவது, பீதியில் பட்டனை இரண்டு முறை தட்டிவிடுவது. ஒருமுறை தட்டினால் காப்பாற்றும், இரண்டு முறை தட்டினால் பழைய நிறத்துக்கே வந்துவிடுவீர்கள். என் சாவுகளில் பாதிக்கு மேல் இந்த இரட்டைத் தட்டுதான். மூன்றாவது, கண்ணை உங்கள் கப்பலின் மேல் வைத்திருப்பது. கப்பலுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலம் தள்ளிப் பாருங்கள். கப்பலின் நிறம் ஓரக்கண்ணிலேயே தெரியும். அதற்காகத்தான் வெள்ளைக்கு வெளிர் நீல ஒளியும், கருப்புக்குச் சிவப்பு விளிம்பும் கொடுத்திருக்கிறார்கள்; வெறும் கருப்பு வெள்ளையாக இருந்தால் அந்தப் பின்னணியில் பாதித் தோட்டா காணாமல் போயிருக்கும்.

பழகும் முறை எல்லாருக்கும் ஒன்றேதான். ஜப்பானில் ‘பேட்டர்ன் போடுவது’ என்பார்கள். முழு ஆட்டத்தை ஆடாதீர்கள். இருபது நொடித் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எதிரி வரும்போது நான் எங்கே, என்ன நிறம், எப்போது மாற்றுகிறேன். இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘வெள்ளை, இடது, மூணு, மாத்து, வலது.’ எனக்கு அது கிட்டத்தட்ட ஜதி மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சிரித்தார்கள், ஆனால் வேலை செய்தது. இசையையும் ஸ்டேஜையும் ஒரே ஆள் கவனித்ததாலோ என்னவோ, பாட்டின் திருப்பமும் ஆட்டத்தின் திருப்பமும் ஒன்றாக விழுகிற இடங்கள் இருக்கின்றன. எங்கே மாற்ற வேண்டும் என்பதைச் சில இடங்களில் காதே சொல்லிவிடும்.

இதற்குள் ஏதோ தத்துவம் இருக்கிறதாமே என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: ஐந்து ஸ்டேஜ்களின் பெயர்கள் இலட்சியம், சோதனை, நம்பிக்கை, யதார்த்தம், கடைசியாகப் பிறவிச் சுழற்சி. இக்கருகா என்பது ஒரு பறவையின் பழைய பெயர். நாரா மாநிலத்தில் அதே பெயரில் ஒரு ஊரும் இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டில் இளவரசர் ஷோடோகு எழுப்பிய ஹோர்யூஜி பௌத்தக் கோயில் இருக்கும் ஊர். பெரும்பாலான பாஸ்களுக்கும் பறவைப் பெயர்கள்தான். உங்களுக்காக இரண்டாவது ஸ்டேஜின் முடிவில் காத்திருக்கிறவர் பெயர் புப்போசோ. நம்ம ஊர்ப் பனங்காடையின் குடும்பத்துப் பறவை அது. பெயரின் பொருள் புத்தம், தர்மம், சங்கம். ராத்திரியில் காட்டில் ‘புப்-போ-சோ’ என்று கேட்கும் குரல் இந்தப் பறவையுடையது என்று பல நூற்றாண்டாக நம்பினார்கள். 1935ல் அந்தக் குரலை வானொலியில் ஒலிபரப்பிய பிறகுதான், கூவியது ஒரு சின்ன ஆந்தை என்று வெளிப்பட்டது. ஆந்தை கூவ, பெயர் பனங்காடைக்கு! இதெல்லாம் ஆவணத்தில் உள்ளவை. ஊகம் எது என்றால், எதிரெதிர் இரண்டும் ஒன்றுக்கொன்று உணவு, கொல்ல வருவதே வாழ வைக்கிறது, சாவுக்குப் பிறகும் சுழற்சி என்று கோத்து, இது பௌத்தம் பேசும் விளையாட்டு என்று சொல்வது. அழகான வாசிப்பு, எனக்கும் பிடிக்கும். ஆனால் தோட்டா பறக்கும்போது எனக்கு ஒரு தடவைகூடப் புத்தர் ஞாபகம் வந்ததில்லை. இந்த விளையாட்டின் பெருமைக்குத் தத்துவம் காரணம் இல்லை, அது மேலே தூவிய கொத்தமல்லி என்பது என் தீர்ப்பு.

இன்னொரு நேர்மையான விஷயம். ஷூட்டர்களில் ஊறியவர்களிலேயே ஒரு கூட்டத்துக்கு இக்கருகா பிடிக்காது. ‘இது ஷூட்டரே இல்லை, புதிர் விளையாட்டு. தோட்டாவுக்கு நடுவில் நெளிந்து தப்பிக்கிற சுகம் எங்கே?’ என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சுகம் வேறு மரபு. டோவாபிளான் நிறுவனத்தின் ‘பட்சுகன்’ 1993ல் அந்தப் பாதையைத் திறந்தது என்பார்கள். அந்த நிறுவனம் மூடியபின் அங்கிருந்து வந்தவர்கள் கேவ் நிறுவனத்தில் 1997ல் செய்த ‘டோடோன்பாச்சி’ அதன் சிகரங்களில் ஒன்று. அதில் திரையே தோட்டாவால் நிறைந்திருக்கும், ஆனால் உங்கள் கப்பலில் அடிபடும் இடம் நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும். இறக்கையில் தோட்டா பட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்து சமாளிப்பதற்கு அங்கே நிறைய இடம் உண்டு, இக்கருகாவில் குறைவு. ஒரு மாதம் பேட்டர்ன் போட்டுப் பார்த்தும் சலிப்புத்தான் வருகிறது என்றால், உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஷூட்டர் அந்தப் பக்கம் இருக்கலாம். ருசியை வாதாடி வரவழைக்க முடியாது, அது என் கைக்கு மீறியது.

ஆனால் அந்த ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்பேன். கன்டினியூவைத் தொடவே வேண்டாம். முதல் ஸ்டேஜை மட்டும், சாகாமல் முடிப்பதற்காக இல்லாமல், செயின் ஒன்பதைத் தொடுவதற்காக ஆடுங்கள். இரண்டாவது ஸ்டேஜ் அதற்குப் பிறகு பாதி சுலபமாகிவிடும், ஏனென்றால் அங்கே நீங்கள் எதைச் சுடுகிறீர்கள் என்று தெரிந்து சுடுவீர்கள். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஆடுகிறீர்கள் என்றால் செட்டிங்கில் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பும் வசதி இருக்கிறது. இயந்திரத்தையே செங்குத்தாக நிறுத்தினால் கேம் சென்டர் திரையின் வடிவம் அப்படியே கிடைக்கும், தோட்டா மேலிருந்து இறங்கி வர இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பது போலத் தோன்றும். நிறுத்துவதற்குத் தாங்கி தனியாக வாங்க வேண்டாம். நான் இரண்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு நடுவில் சொருகி வைத்திருக்கிறேன், காலியான டப்பா நகரும் என்பதால் ஒன்றில் அரிசி போட்டு.